கல்லுக்கு வடக்கே

எங்கள் ஊர் அபிராமேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களிடம் யாராவது ஒருவர் இரட்டைப் புலவர் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது. நடக்க முடியாதவரைப் பார்வையில்லாதவர் தோளில் சுமந்துகொண்டு, தோளில் இருப்பவர் வழி சொல்ல, ஊர் ஊராகப் பாடிவந்தவர்கள். எங்கள் ஊரான திருவாமாத்தூர்மேல் ஒரு கலம்பகம் பாடினார்கள். கோயில் பம்பையாற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டதாகச் சபை குற்றம் சொன்னது. அன்றிரவு மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் ஆறு கோயிலுக்கு மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நிலைத்தது.

சின்ன வயதில் எனக்குப் புலவர்கள்மேல் கவனம் போகவில்லை. ஓர் இரவில் ஆறு இடம் மாறினால் பழைய ஆற்றில் கிடந்த மணலெல்லாம் என்ன ஆகும் என்பதே யோசனையாக இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "மணலுக்கு என்னம்மா, தண்ணி இழுத்த பக்கம் போவும்" என்றார்.

பிற்பாடு புவியியல் ஆசிரியையாகிக் கரும்பலகையில் ஆறுகளை வரையத் தொடங்கியபோது, எங்கள் ஊர்த் தண்ணீர் எதுவரை போகும் என்று தொடர்ந்து போய்ப் பார்த்தேன். பம்பை கிழக்கே போய்ச் சங்கராபரணியில் சேர்கிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. ஒரு கிளைக்கு அரியாங்குப்பம் ஆறு என்று பெயர். ரோமாபுரியோடு வாணிபம் செய்த அரிக்கமேடு அதன் கரையில்தான் இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டிய மேடு. அந்த ஆறு தேங்காய்த்திட்டு அருகே கடலில் விழும் முகத்துவாரத்தில், 1980-களின் பிற்பாதியில், புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். எங்கள் கோயிலை ஒட்டி ஓடும் தண்ணீர் கடலைத் தொடும் இடத்தில் இப்போது கருங்கல் நிற்கிறது. எனக்குப் புதுச்சேரிக் கடலோடு உள்ள உறவில் பாதி இந்த ஆற்றின் வழியாக வந்தது. மீதிப் பாதி பெரியம்மா வழியாக.

பெரியம்மாவைச் சின்னமுதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முழுப் பரீட்சை முடிந்ததும் விழுப்புரத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரி, அங்கிருந்து மரக்காணம் போகும் பஸ். கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. அன்றைக்குத் தென்னார்க்காடு, இன்றைக்கு விழுப்புரம் மாவட்டம். பெரியம்மா வீட்டுக் கொல்லையில் கடைசித் தென்னைமரம் நின்ற இடத்திலிருந்து தண்ணீர்வரை மணல். உச்சிப் பொழுதில் ஒரே ஓட்டமாக ஓடிக் கடக்க முடியாது. நடுவில் ஒரு பனையோலையைப் போட்டு அதன்மேல் நின்று காலை ஆற்றிக்கொண்டு மறுபடி ஓடுவோம். அந்த மணலில்தான் கரைவலை இழுத்தார்கள். வலையின் இரு தலையையும் கரையில் இருந்து இழுக்க ஊர் முழுக்க வேண்டும். ஆள் நிற்கவும் பின்னால் நகரவும் அகலமான கரையும் வேண்டும். இன்று அந்தக் குப்பங்களில் கரைவலை அரிதாகிவிட்டதற்கு மீன் குறைந்தது ஒரு காரணம். பின்னால் நகர இடமில்லாமல் போனது மற்றொரு காரணம். இரண்டாவதை எழுதிவைத்தவர்களை நான் பார்த்ததில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கடலுக்குள்ளும் மணல் இருந்தது. கரைக்கு இணையாக, கொஞ்சம் தள்ளி, நீளமாக ஒரு திட்டு. வெளியே தெரியாது. அலை எங்கே வெள்ளையாக உடைகிறதோ அங்கே திட்டு இருக்கிறது என்று பொருள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம், இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு. ஆழ்கடலிலிருந்து வரும் பெரிய அலை திட்டின்மேல் இடறி விழுந்து பலமிழந்துவிடும். பள்ளத்துக்குள் வந்து சேரும்போது பிள்ளைகளைத் தூக்கி இறக்குமளவுக்குத்தான் அதில் தெம்பு இருக்கும். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், அந்தப் பள்ளத்தில்தான் நீந்தப் பழகினார். பிறகு பாய் பிடிக்கவும் அங்கேதான் பழகினார்.

அவர் பழகிய பாய்ப்பலகை, ஆரோவில்லிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒருவர் விட்டுப்போனது. விண்ட்சர்ஃபிங் என்ற சொல்லை முதன்முதலில் அண்ணன் வாயில் கேட்டேன். 1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் என்ற இருவர் வடிவமைத்துக் காப்புரிமை வாங்கிய விளையாட்டு. 1984-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. எங்கள் கரையில் அது வந்து இறங்கியபோது தந்திராயன்குப்பத்துப் பெரியவர் ஒருவர் பலகையைச் சுற்றி வந்தார். பாய்மரம் பலகையில் சேரும் முட்டியை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். சுக்கான் எங்கே என்று கேட்டார். சுக்கான் கிடையாது, பாயை முன்னால் சாய்த்தால் பலகையின் தலை காற்றைவிட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றைப் பார்த்துத் திரும்பும் என்று அண்ணன் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். "ஒத்தை ஆளு கட்டுமரம்" என்று சொல்லிவிட்டு வலை பின்னப் போய்விட்டார்.

அந்தப் பெயரைவிடப் பொருத்தமான பெயரை நான் இதுவரை கேட்டதில்லை. நீரில் நனைந்துகொண்டே நிற்பது, கட்டைக்கும் கடலுக்கும் நடுவில் தளம் இல்லாமல் இருப்பது, காற்றைக் கையில் வாங்கிக் காலால் திசை சொல்வது, அலையடியைக் கடக்க நேரம் பார்த்துக் காத்திருப்பது எல்லாம் இந்தக் கரைக்குப் பழக்கமானவை. சோழமண்டலக் கரையில் பாய் விரித்த கட்டுமரங்கள் மோட்டார் வந்தபின் மறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே திட்டு அறுந்த வழியாக, அண்ணனின் பாய் வெளியே போயிற்று. பணக்காரர் விளையாட்டு என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு நான் பெரியவர் சொன்னதைத்தான் சொல்வேன்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மணல் புரியாது. சித்திரை வைகாசியில் விடிகாலையில் கரையிலிருந்து மேல்காற்று. நிலம் சூடேறி, முற்பகல் கடந்ததும் அது செத்து, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று கிளம்பும். கடலைப் பார்த்து நின்றால் வலது தோளில் வந்து படும். பாய்ப்பலகைக்கு அது நல்ல கோணம். நேரே கடலிலிருந்து அடித்தால் வெளியே போக முடியாது, நேரே கரையிலிருந்து அடித்தால் திரும்பி வர முடியாது. இந்தச் சாய்வுக் காற்றில் போகலாம், வரலாம். கடலின் ஓட்டமும் அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே. மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழும்பியதும் ஓட்டம் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே வரும், அது வன்னி. அண்ணன் கோடையில் தந்திராயன்குப்பத்தில் இறங்குவார். பள்ளத்தின் அமைதியான தண்ணீரில் பாயைத் தூக்குவார். திட்டு அறுந்த இடம் பார்த்து வெளியேறுவார். தெண்டி அவரை மெல்ல வடக்கே தள்ளும். கவலையில்லை. சின்னமுதலியார்சாவடியிலோ பொம்மையார்பாளையத்திலோ எங்கே வந்தாலும் ஏற மணல் இருந்தது. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவோம்.

அவரைத் தள்ளிய அதே தெண்டிதான் மணலையும் தள்ளியது. சாய்வாக வரும் அலை மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளிக் கரையில் ஏற்றும், இறங்கும்போது நேராகக் கடலுக்கு இழுத்துவிடும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு சாண், இரண்டு சாண். மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை வடக்கே, நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை தெற்கே. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் புதுச்சேரிக் கரையைத் தாண்டி வடக்கே போகிறது. இது குப்பத்துக்குக் குப்பம் கைமாற்று. வீராம்பட்டினம் கொடுத்ததை வைத்திக்குப்பம் வாங்கும், வைத்திக்குப்பம் கொடுத்ததைக் கோட்டக்குப்பம் வாங்கும், வாங்கிய யாரும் தங்களிடமே வைத்துக்கொள்ள முடியாது. வாடைக்காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். எங்கோ ஓரிடத்தில் ஒருவர் கையை மூடிக்கொண்டால் அவருக்கு வடக்கே இருக்கும் எல்லா வீட்டிலும் அடுப்பு அணையும்.

துறைமுகத்தின் தெற்குச் சுவர் அப்படித்தான் மூடிக்கொண்டது. 1986-ல் தொடங்கி 1989 வாக்கில் வேலை முடிந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. முகத்துவாரத்துக்குள்ளும் மணல் புகுந்து, மீன்பிடிப் படகுகள் நுழைய முடியாமல் கவிழ்ந்தன. துறைமுகத்துக்கே அது பயன்படவில்லை. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. காந்தி சிலைக்குக் கிழக்கே மணல் இருந்ததை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், என் மாணவிகள் நம்ப மறுத்தார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து அங்கே பார்த்தது கருங்கல் குவியலைத்தான். தேங்கும் மணலைத் தோண்டியெடுத்துக் குழாய் வழியாக வடக்குக் கரையில் கொட்டவேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அந்த ஒரு பகுதி மட்டும் தொடர்ந்து நடக்கவில்லை. அது ஒழுங்காக நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல் வடக்கே நடந்தது. ஒரு குப்பத்தில் கல் போட்டால் அலை அங்கே தின்ன மணல் கிடைக்காமல் அடுத்த குப்பத்துக்குப் போகும். அங்கே கூக்குரல், போராட்டம், மறுபடி கல். யூனியன் பிரதேசம் தன் எல்லைவரை கல் கொட்டியது. கல் முடிந்த இடத்தில் தமிழ்நாடு தொடங்கியது. அரிப்பும் அங்கே தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டுப் பக்கமும் கல் வந்தது. 2004 சுனாமியில் நகரம் தப்பியதற்குக் கடற்சுவர்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். அதற்கப்புறம் கல்லுக்கு எதிராகப் பேசுவது கடினமாயிற்று. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் போய் மணல் நீரோட்டம் பற்றி விளக்க முடியாது. விளக்கவும் கூடாது.

கடலுக்குள் திட்டு போனது யார் கண்ணுக்கும் உடனே தெரியவில்லை. அண்ணனுக்குத்தான் முதலில் தெரிந்தது. திட்டு என்பது கரையின் சேமிப்பு. ஐப்பசி, கார்த்திகைப் புயல் அலை கரையிலிருந்து மணலை உரித்துக்கொண்டு போய்த் திட்டில் அடுக்கும். அதே திட்டு அடுத்த அலையைத் தடுத்து மிச்சக் கரையைக் காக்கும். மாசி பங்குனியில் கடல் அடங்கியதும் நீண்ட மெல்லிய அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். தெற்கிலிருந்து வரவு நின்றதும் சேமிப்பில் கைவைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் திரும்பி வந்த மணல் குறைந்தது. திட்டு மெலிந்தது, பள்ளம் ஆழமாயிற்று. அலை வெளியே உடைவதை விட்டுவிட்டு முழுப் பலத்தோடு கரையடியில் வந்து விழ ஆரம்பித்தது.

பாய்ப்பலகைக்கு இதைவிட மோசம் எதுவுமில்லை. இறங்கும் இடத்தில் நாலு எட்டு நிலையாக நிற்க வேண்டும். அலைக்கும் அலைக்கும் நடுவே பாயைத் தூக்கிக் காற்றை வாங்க வேண்டும். கரை செங்குத்தாக இறங்கினால் இரண்டாவது எட்டில் கால் எட்டாது. பாய் தண்ணீரில் கிடக்கும்போது அலை மேலே விழுந்தால் ஆறேழு சதுர மீட்டர் துணியில் தண்ணீர் நிறையும், பாய்மரத்தின் தலை மணலில் குத்தும், நடுவில் முறியும். அண்ணனுடைய மரம் அப்படி முறிந்தது. திருவாமாத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது அவர் குரலில் மரத்தைப் பற்றிய வருத்தம் இல்லை. "பாப்பா, நா எறங்கற எடத்துல தரை இல்ல" என்றார்.

பாய்மரம் முறிவது சின்ன விஷயம்தான். பொம்மையார்பாளையத்திலும் பிள்ளைச்சாவடியிலும் வீடுகள் விழுந்தன. ஆனால் பாய்ப்பலகைக்காரருக்கு மணல் போவது மற்றவர்களுக்குமுன் தெரிகிறது. பலகைக்கு அடியில் மீனின் துடுப்பு போல ஒன்று இருக்கிறது, முழங்கை நீளத்துக்கு. திட்டின்மேல் போகும்போது அது மணலை உரசினால் காலில் தெரியும். எந்த வாரம் திட்டு எங்கே, எவ்வளவு உயரம், எங்கே அறுந்திருக்கிறது என்பது அவருக்குப் பாதத்தில் பதிந்திருக்கும். கட்டுமரக்காரர்களுக்கும் இந்த அறிவு இருந்தது. பெரிய மோட்டார் வைத்த ஃபைபர் படகு வேகமாகத் தாண்டிப் போய்விடுவதால், இளைய மீனவர்களிடம் அது மங்கிவருகிறது. கடலோரத்தை அளக்கும் ஆராய்ச்சியாளர்கள் இவர்களைத் தேடிப்போய்க் கேட்டிருக்கலாம். கருவி வருமுன் கால் அறிந்திருந்தது.

பிறகு தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் நீட்டிய குறுக்குச் சுவர்களைப் போட்டார்கள். தூண்டில் வளைவு என்று இங்கே சொல்கிறார்கள். சுவர்களுக்கு நடுவே மணல் விழுந்தது. செரினிட்டி பீச் என்று சுற்றுலாக்காரர்கள் தேடிவரும் கரை அதுதான். அலைச்சறுக்குக் கற்பவர்களுக்கு இன்று அங்கே இடமிருக்கிறது. மீனவப் பிள்ளைகள் அதில் தேர்ந்திருக்கிறார்கள், அதைப் பார்க்கையில் எனக்கு மனம் நிறைகிறது. பாய்ப்பலகையின் கணக்கு வேறு. அலைச்சறுக்குக்காரர் ஓரிடத்தில் அலைக்குக் காத்திருப்பவர், நூறு மீட்டர் கரை அவருக்குப் போதும். பாய்க்காரருக்கு ஓட்டம் வேண்டும், தவறினால் ஏறக் கரை வேண்டும். தென்கிழக்குக் காற்றும் தெண்டியும் சேர்ந்து அவரை வடக்கே தள்ளும்போது எதிரே நிற்பது கல். சுவரை ஒட்டி நீர் கடலுக்குள் திரும்பி இழுக்கும். அதற்கும் வடக்கே போனால் கரையெங்கும் கல் கொட்டிய மேடு, பலகையோடு ஏற ஓர் இடைவெளி கிடைப்பதே அரிது. ஊர் ஊராகப் போய்த் திரும்பிய கடல் ஒரு தொட்டியாகச் சுருங்கிவிட்டது.

சின்னமுதலியார்சாவடி அந்தச் சுவர்களுக்கு வடக்கே இருக்கிறது. பெரியம்மா வீட்டுக் கடைசித் தென்னை சாய்ந்தது. அதற்கு முந்தையதும் சாய்ந்தது. ஒரு கூட்டத்தில் அண்ணனை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். "கல்லுக்குத் தெக்கால இருக்கறவன் இன்னும் ரெண்டு போடுன்றான், வடக்கால இருக்கறவன் பிடுங்கிப் போடுன்றான். ரெண்டு பேரும் எனக்குச் சொந்தம்தான். நா என்னத்த சொல்ல?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சென்னையில் இதெல்லாம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே தொடங்கிய கதை. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பியது, தெற்கே மெரீனா விரிந்தது, வடக்கே ராயபுரம், காசிமேடு, எண்ணூர்வரை கடல் உள்ளே வந்தது. மெரீனாவில் சுண்டல் சாப்பிடும்போது வடசென்னையின் மணலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வகுப்பில் சொல்வேன். அதே துறைமுகச் சுவருக்குள் அடங்கிய தண்ணீரில்தான் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பாய் விரிக்கிறது. சென்னையில் பாய்ப்படகு பழகிய நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்வரை போனார். கல் கெடுதி மட்டுமே செய்யும் என்று நான் சொல்லத் தயாரில்லை. கல் யாருக்கு அடங்கிய தண்ணீரைக் கொடுக்கிறது, யாருடைய மணலை எடுத்துக்கொள்கிறது என்று ஒரே தாளில் எழுதவேண்டும், அவ்வளவுதான்.

அப்படி எழுதிய இடங்கள் உண்டு. விசாகப்பட்டினத்தில் 1930-களில் துறைமுகம் திறந்தபோது பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து அலைதடுப்பாக்கினார்கள். அங்கே சேரும் மணலைத் தோண்டி வடக்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டுவது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை 1960-களில் நீட்டியபோது வடக்கே கோல்ட் கோஸ்ட்டின் கிர்ரா கடற்கரை கரைந்தது. அங்கேயும் முதலில் தூண்டில் வளைவுதான் போட்டார்கள். கடைசியில் 2001-ல், முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு பாலம் கட்டி, அதன் அடியில் பம்புகள் வைத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர் மணலை ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்பத் தொடங்கினார்கள். வடக்கே நீண்ட மணல்திட்டு ஒன்று உருவாகி உலகத்து அலைச்சறுக்குக்காரர்களெல்லாம் ஓடி வந்தார்கள். கிர்ராவிலோ தொடக்கத்தில் மணல் அளவுக்கு மீறிக் குவிந்து, அங்கே பெயர்பெற்றிருந்த அலையே மூடிப்போயிற்று. உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டார்கள், பம்பின் அளவைத் திருத்தினார்கள். எனக்கு அந்தச் சண்டை மிகவும் பிடித்திருக்கிறது. மணலை எவ்வளவு அனுப்புவது என்று பேசுகிற நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். நாம் இன்னும் கல் எவ்வளவு என்றே பேசுகிறோம்.

புதுச்சேரியில் 2018-ல் நல்லதொன்று நடந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை அமிழ்த்தினார்கள். அலை அதில் இடறி வேகம் குறைந்தது. பின்னால் மணல் விழுந்தது. முப்பது ஆண்டு கல்லையே பார்த்த நகரத்தின் பிள்ளைகள் மணலில் இறங்கி ஓடினார்கள். நானும் அண்ணனும் போய்ப் பார்த்தோம். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகவே நடந்தார். எங்கள் பெரியம்மா வீட்டெதிரே கடல் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை இங்கே இரும்பு செய்கிறது. ஓரிடத்தில் விழுந்த மணல் வேறெங்கோ கிளம்பிய மணல் என்பதையும் மறக்கக்கூடாது. துறைமுகத்தில் தேங்குவதை எடுத்துக் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் வடக்கே உள்ளவர்களுக்கு ஏதாவது மிஞ்சும்.

மணல் எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டால் மறுபடி எங்கள் ஊருக்கு வரவேண்டும். கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறு கொண்டுவந்தது. தென்பெண்ணையாற்றில் சாத்தனூர், சங்கராபரணியில் வீடூர் என்று 1950-களின் கடைசியில் அணைகள் வந்தன. பாசனத்துக்கு அவை வேண்டும், எங்கள் மாவட்டம் அதில் சோறு தின்கிறது. ஆனால் அணை தண்ணீரைத் திறந்துவிடும்போது மணலைத் திறந்துவிடுவதில்லை. அணைக்குக் கீழே மிஞ்சியதை லாரி அள்ளியது. பம்பையில் நான் உட்கார்ந்து விளையாடிய மணல் இன்று விழுப்புரத்து மாடிவீடுகளின் சுவருக்குள் இருக்கிறது. தெற்கே கல் தடுத்ததைப் பற்றி அத்தனை பேரும் பேசுகிறார்கள். மேற்கே வரத்து நின்றதைக் கடற்கரைக் கூட்டங்களில் பேசுவது குறைவு. பம்பைக் கரையில் பிறந்த எனக்கு அது உறுத்துகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணை திறந்து பெண்ணை பெருகி விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் மிதந்தது. பம்பையும் சங்கராபரணியும் கரைபுரண்டன. தண்ணீர் வடிந்த பிறகு அண்ணன் தேங்காய்த்திட்டுப் பக்கம் போய்விட்டு வந்து, "முகத்துவாரத்துல புதுத் திட்டு கட்டியிருக்கு, செம்மண்ணு கலந்த மணலு, ஒங்க ஊரு மணலு பாப்பா" என்று போனில் சொன்னார். அவர் குரலில் அறுபது வயது இல்லை. படகுகளுக்கு அது தொல்லை, தோண்டியாக வேண்டும். தோண்டியது எங்கே போனது என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அதைச் சோலை நகருக்கு வடக்கே கொட்டியிருந்தால் சித்திரைத் தெண்டி மிச்ச வேலையைச் செய்திருக்கும்.

இப்போது அவர் பாயை எடுத்துக்கொண்டு ஆலம்பரைக்குப் போகிறார், கூட நாலைந்து பையன்களையும் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு. மரக்காணத்துக்கு வடக்கே, கழுவெளி ஏரியின் தண்ணீர் கடலில் சேரும் கழிமுகம் அது. 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கைமாறி, பத்தாண்டில் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டை ஒரு பக்கம், கடலை மறித்து நீளும் மணல் நாக்கு மறுபக்கம். அந்த நாக்கு தாழ்வானது, மரமில்லாதது. காற்று தடையில்லாமல் அதன்மேல் ஏறி வரும், அலை வராது. தட்டையான, இடுப்பளவுத் தண்ணீரில் முழுக் காற்று. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் விழுப்புரம் பக்கம் கிடையாது. விழுந்தால் எழுந்து நிற்கலாம். நாக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீள்கிறது, அறுகிறது, வாய் இடம் மாறுகிறது. போன ஆண்டு நின்ற இடத்தில் இந்த ஆண்டு ஆழம். அண்ணன் முதலில் தனியாக ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்குகிறார்.

அங்கேயும் கல் வரவிருக்கிறது. அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம், முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் என்று திட்டம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போயிற்று. கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் தலமானது. இவ்வளவுக்கும் நடுவே அழகன்குப்பத்து மீனவர்களின் தேவையும் உண்மையானது. வாய் தூர்ந்தால் அவர்கள் படகு வெளியே போகாது. புயலில் படகைக் கட்ட இடமில்லை. விளையாட்டுக்காக அவர்களை நிறுத்த எனக்கும் அண்ணனுக்கும் உரிமை கிடையாது. கேட்க உரிமை இருக்கிறது. சுவர் எழும்பும் முதல் ஆண்டிலேயே தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போட எந்தக் கணக்கில் பணம், என்ன இயந்திரம், எந்த மாதம், எந்தக் குப்பத்தின் கரையில் என்று எழுதிக் கொடுங்கள் என்று ஒரு மனு தயாரித்தோம். பாய் பிடிக்கும் பிள்ளைகள் நாக்கு நகர்வதைக் குறித்துவைத்த நோட்டின் நகலையும் அதோடு சேர்த்தோம். அண்ணன் முதலில் கையெழுத்துப் போட்டார். மீனவர்களில் சிலர் போட்டார்கள். சிலர் துறைமுகம் இன்னும் தள்ளிப்போகும் என்று மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களில் ஒருவருக்கு மைத்துனர் வீடு பொம்மையார்பாளையத்தில் இருக்கிறது, அங்கே நடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். ஆனாலும் படகைக் கட்ட இடம் வேண்டும் என்கிறார். அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்க மறுபடி போகிறோம்.